பில் தொகை கூடினால் கட்டடம் கூடியதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலாண்டுக்கு ஒரு தடவை ‘நிர்மாணத்துறை இத்தனை வீதம் வளர்ந்தது’ என்று செய்தி வருகிறது. அடுத்த பக்கத்திலேயே ஒப்பந்தகாரர்கள் ‘வேலையே இல்லை’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் பொய்யில்லை. அந்த வீதம் எந்த விலையில் கணக்கிடப்பட்டது, எதோடு ஒப்பிடப்பட்டது என்பதைச் செய்தியில் போடாமல் விடுவதால் வரும் வினைதான் இது.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் போன வருடம் 100 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கொங்கிரீட் போட்டார், கியூப் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் 60 இலட்சம். இந்த வருடம் 70 கியூப்தான் போட்டார், ஆனால் கியூப் 110,000 ரூபாய். பில் 77 இலட்சம். நடைமுறை விலையில் பார்த்தால் 28 வீத வளர்ச்சி. வேலையைப் பார்த்தால் 30 வீத வீழ்ச்சி. 1:2:4 கலவையில் (சீமெந்து, மணல், கல்) ஒரு கியூபுக்குச் சுமார் 18 பை சீமெந்து போகும். பை விலை இரட்டித்தாலும் அந்த 18 பை 18 பைதான். புள்ளிவிபரக்காரர் செய்வது இதைத்தான்: 77 இலட்சத்தை விலை ஏறிய மடங்கால் (110/60) வகுத்து 42 இலட்சம் என்று பழைய விலைக்குக் கொண்டுவருகிறார். ‘நிலையான விலையில்’ என்று அறிக்கையில் இருப்பது அதுதான். இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இப்போது அதற்கு 2015ஐ அடியாண்டாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய தொடர் 2010ஐ வைத்தது. இரண்டு தொடரின் ரூபாய்த் தொகைகளை அருகருகே வைத்து வீதம் போடுவது தவறு. இரண்டிலும் உள்ள ஒரு பொது வருடத்தைக் கொண்டு இணைத்த பிறகே ஒப்பிடலாம்.

எந்த விலையால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். சீமெந்து, கம்பி, மணல், கூலி இவற்றின் விலைச் சுட்டெண் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது ஒப்பந்தகாரரின் செலவு, அவர் வாங்கும் விலையல்ல. வேலை வறண்ட காலத்தில் இலாபம் வேண்டாம், ஆட்களைக் கலைக்காமல் வைத்திருந்தால் போதும் என்று விலை குறிப்பார்கள். அப்போது செலவு இரட்டித்தாலும் விலை இரட்டிக்காது. மேலே உள்ள 77 இலட்சத்தைச் செலவுச் சுட்டெண் 200ஆல் (போன வருடம் 100, அதாவது இரண்டு மடங்கு) வகுத்தால் 38.5 இலட்சம் வரும். வீழ்ச்சி 30 வீதம் அல்ல, 36 வீதம் என்று ஆகிவிடும். வேலை குவியும் காலத்தில் இதே பிழை எதிர்ப்பக்கம் சாயும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. பிரித்தானியாவில் மாதாமாதம் சுமார் 8,000 நிறுவனங்களிடம் படிவம் வாங்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். அங்கேயே இந்த விலைச் சுட்டெண் சரியில்லை என்று 2014 கடைசியில் நிர்மாண உற்பத்திப் புள்ளிவிபரத்தின் ‘தேசியப் புள்ளிவிபரம்’ என்ற தகுதி நீக்கப்பட்டது.

அடுத்தது, எதை எண்ணுவது. அந்தக் காலாண்டில் முடித்த வேலையைத்தான் எண்ண வேண்டும், கையில் வந்த காசை அல்ல. வேலை தொடங்க வாங்கும் முற்பணம் உற்பத்தியாகாது. பில்லில் பிடித்துவைக்கும் தடுப்புப் பணம் பிறகு வந்தாலும், அது முன்பே செய்த வேலைக்குரியது. அரச பில்கள் வருடக்கணக்கில் தேங்கிய பின் ஒரே மூச்சில் தீர்க்கப்பட்டால், காசை எண்ணுகிறவருக்கு அந்த வருடம் கட்டடம் முளைத்த மாதிரித் தெரியும். துணை ஒப்பந்தத்திலும் கவனம் வேண்டும். பிரதான ஒப்பந்தகாரர் 100 என்று எழுதி, அதில் 30க்கு வேலை செய்த துணை ஒப்பந்தகாரரும் தன் 30ஐ எழுதினால், கூட்டினால் 130. கட்டியது 100தான்.

இதெல்லாம் படிவம் நிரப்பும் நிறுவனங்களின் கதை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில், மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வீடு எப்படி எழும்புகிறது? இந்த வருடம் அத்திவாரம், அடுத்த வருடம் லிண்டல் மட்டம், வெளிநாட்டுக் காசு வந்தால் கூரை. மேசனுக்கு நாட்கூலி, பில் கிடையாது. பிளான் பாஸ் எண்ணிக்கையை வைத்தும் இதைப் பிடிக்க முடியாது, பாஸ் ஆனது எல்லாம் கட்டப்படுவதில்லை. ஆகவே சந்தைக்கு வந்த சீமெந்து எவ்வளவு என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். மோசமான வழியல்ல. ஆனால் சீனக்குடாவில் இறங்கும் கிளிங்கரையும் (சீமெந்தாக அரைக்கப்படும் மூலக் கட்டி) அதை அரைத்து வரும் சீமெந்தையும் சேர்த்து எண்ணினால் இரட்டைக் கணக்கு. தார் வீதி, வயரிங், பெயின்ட், பழுதுபார்ப்பு எதுவும் இந்த அளவுகோலில் சரியாக விழாது.

நம் மாவட்டத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. சீனக்குடாவில் அரைபடும் சீமெந்து நாடு முழுவதும் போகிறது, மகாவலி மணலும் டிப்பரில் வெளி மாவட்டம் ஏறுகிறது. அவை எங்கள் ஊர்க் கட்டடங்கள் அல்ல. சர்வதேச வகைப்படுத்தலின்படி நிர்மாணம் கூட அல்ல: சீமெந்தும் கொங்கிரீட் கல்லும் தயாரிப்புக் கைத்தொழில், மணல் சுரங்க அகழ்வு. மாகாண உற்பத்தியைப் பார்த்து ‘கிழக்கில் கட்டுமானம் களைகட்டுகிறது’ என்று எழுதுமுன் அட்டவணையில் எந்த வரிசையைப் பார்க்கிறோம் என்று ஒருமுறை சரிபார்க்கலாம்.

மத்திய வங்கியின் மாதாந்தக் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்தான் அதிகம் பிழையாக எழுதப்படுவது. வேலை போன மாதத்தைவிடக் கூடியதா, அதேயளவா, குறைந்ததா என்பதே நிறுவனங்களிடம் கேட்கும் கேள்வி. 40 வீதமானோர் கூடியது, 40 வீதமானோர் அதேயளவு, 20 வீதமானோர் குறைந்தது என்றால், 40உடன் அந்த அதேயளவில் பாதி 20ஐக் கூட்டி 60. இது 60 வீத வளர்ச்சியும் அல்ல, நடு அளவான 50ஐவிட 10 கூட என்பதால் 10 வீத வளர்ச்சியும் அல்ல. குறைந்தது என்றவர்களைவிடக் கூடியது என்றவர்கள் அதிகம் என்பது மட்டுமே. எவ்வளவு கூடியது என்று யாரும் கேட்கவே இல்லை.

2022, 2023 இரண்டு வருடமும் இத்துறை சுருங்கியது. 100 இருந்தது 20 வீதம் விழுந்து 80, மறுபடி 20 வீதம் விழுந்து 64 என்று வையுங்கள். பிறகு 20 வீதம் வளர்ந்தாலும் 76.8தான். ‘பாய்ச்சல்’ என்று தலைப்பிட அதில் ஒன்றுமில்லை. பருவமும் உண்டு. எங்களுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழை, அத்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும். ஆகவே நான்காம் காலாண்டை மூன்றாம் காலாண்டோடு ஒப்பிடாமல், முந்தைய வருட நான்காம் காலாண்டோடு ஒப்பிடுவதே நியாயம்.

தங்கள் செய்தியாளர்களிடம் கேட்பது பெரிதல்ல. வீதத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நான்கு சொல் போடுங்கள்: நிலையான விலையா நடைமுறை விலையா, எந்தக் காலாண்டோடு ஒப்பீடு. திணைக்களம் முதல் மதிப்பீட்டைப் பின்னர் திருத்தி வெளியிட்டால், அந்தத் திருத்தத்தையும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

கணிய அளவையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.