வில்லி ஓ'ரீக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் வில்லி ஓ'ரீ. முதல் நன்றி அவருடைய அண்ணா ரிச்சர்டுக்கு. கறுப்பினக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரில், தம்பியை ஐஸில் இறக்கி, எதிராளி வந்து இடித்தால் எப்படி விழாமல் நிற்பது, எப்படித் திருப்பி இடிப்பது என்று பழக்கியவர் நீங்கள்தான். நிறத்தைச் சொல்லித் திட்டுவார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று நீங்கள் சொல்லிவைத்ததை வில்லி இத்தனை வருடம் கழித்தும் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

ஃபில் வாட்சன் கோச், உங்களுக்கும் நன்றி. கியூபெக்கில் ஜூனியர் ஆடிக்கொண்டிருந்த பையனிடம், என்.எச்.எல்.லின் முதல் கறுப்பின ஆட்டக்காரனாக நீ வரலாம் என்று சொன்னவர் நீங்கள்.

அடுத்தது, மனசுக்கு ரொம்ப நெருக்கமான நன்றி. 1955-56 சீசனில் கிச்சனர் அணிக்காக ஆடும்போது பக் (ஆட்டக்காரர்கள் தடியால் அடிக்கும் ரப்பர் வட்டு) பறந்துவந்து வில்லியின் வலது கண்ணில் அடித்து, அந்தக் கண்ணின் பார்வையில் 95 சதவீதம் போய்விட்டது. இனி ஆட முடியாது என்றார் டாக்டர். வில்லி விடவில்லை. விஷயம் தெரிந்த சகோதரி பெட்டியும் ஒரு நண்பரும் மட்டும் வாய் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் ஒற்றைக் கண் பார்வையோடு ஆட என்.எச்.எல். விதி இடம் கொடுக்காது. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அந்தக் கண்ணோடு அவர் ஆடியது லெஃப்ட் விங். இடது ஓரமாக ஓடுகிறவருக்கு பாஸ் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்துதான் வரும், அதாவது பார்வையே இல்லாத பக்கத்திலிருந்து! ஒவ்வொரு தடவையும் கழுத்தை வலது தோளுக்கு மேலே முழுசாகத் திருப்பி இடது கண்ணால் பக்கைத் தேட வேண்டும், அதே நேரத்தில் யாராவது வந்து மோதுவார்கள். இப்படியே ஆடித்தான் அவர் 1956இல் பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக்கின் கியூபெக் ஏசஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1958 ஜனவரி 18 அன்று மொன்றியல் ஃபோரமில் பொஸ்டன் புரூயின்ஸ் சட்டையோடு என்.எச்.எல்.லிலும் இறங்கினார், பொஸ்டன் 3-0 என்று ஜெயித்தது. இம்லாக், அவரைக் களத்தில் இறக்கிய பொஸ்டன் பயிற்சியாளர் மில்ட் ஷ்மிட், இரண்டு பேருக்கும் நன்றி. 1961இல் சிகாகோவில் எதிரணிக்காரர் தடியால் குத்தி முன்பற்களை உடைத்தபோது அவருக்காக ஐஸில் குதித்த பொஸ்டன் தோழர்களே, உங்களை மறக்க முடியுமா?

அப்புறம் பயிற்சியாளர் ஆல்ஃப் பைக். லொஸ் ஏஞ்சலஸ் பிளேட்ஸ் அணியில் வில்லியை வலது ஓரத்துக்கு, அதாவது ரைட் விங்குக்கு மாற்றினீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. பாஸ் எல்லாம் நல்ல கண் இருக்கும் பக்கமாக வர ஆரம்பித்தது, 1964-65இல் 38 கோல் போட்டார்!

இங்கே டொரொன்டோவின் ஸ்காபரோவில் என் மகனும் லெஃப்ட் விங்தான். அவனுடைய அணியில் எங்களைப் போன்ற நிறத்துப் பிள்ளைகள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அன்புடன்,
ஒரு ஹொக்கிப் பிள்ளையின் அப்பா