நீர்வாட்டம் பார்க்கக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலையடிவாரத்துச் சைக்கிள் தடத்தில் எங்களோடு மண் சுமந்தவர்களுக்கும், மண் சுமக்காவிட்டாலும் எங்களைத் திருத்தியவர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறுதோறும் காட்டோரத் தடங்களில் மலைச் சைக்கிள் ஓட்டும் சிறு நட்பு வட்டம் எங்களுடையது. அதற்குப் பெயரோ பதிவோ கிடையாது. கடந்த ஓராண்டாக, உரிய அனுமதியோடும் மேற்பார்வையோடும் மாதம் ஒரு காலைப்பொழுதைத் தடப் பராமரிப்புக்கு ஒதுக்கி வந்தோம். அந்த வேலையின் முதற்கட்டம் முடிந்திருக்கும் இந்த நேரத்தில் நன்றி சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தமிழில் பிழையின்றி எழுதக்கூடியவன் என்று நண்பர்கள் என்னைப் பற்றித் தவறாக நம்பியதே அதற்குக் காரணம்.

நன்றிக்கு முன் குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் முறை. வடகிழக்குப் பருவமழையின்போது தடத்தின் தாழ்வான ஓரிடத்தில் சேறு தேங்கியது. சக்கரம் புதையாமலிருக்க எங்களுள் ஒருவர் ஓரமாக ஒதுங்கி ஓட்டினார். அவர் போன வழியில் அடுத்தவர் போனார். அதுவும் சேறான பிறகு மூன்றாமவர் இன்னும் உள்ளே தள்ளிப் போனார். சில வாரங்களில் ஒற்றைத் தடம் மாட்டுவண்டிப் பாதைபோல் அகன்றது. பிறகு அதிலிருந்தே மரங்களுக்கு நடுவே ஒரு குறுக்குவழி கிளைத்தது. அதை வெட்டியவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது, எல்லாருமே ஓட்டினோம். அனுமதிக்கப்பட்ட தடத்தைவிட்டு வனப்பகுதிக்குள் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்குத் தெரியாததன்று.

எங்களை முதலில் நிறுத்தியவர், பறவை பார்க்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். டீச்சர் என்றே இன்றும் அழைக்கிறோம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துச் சைக்கிளைவிட்டு இறங்கினோம். அவரோ பையிலிருந்து தையற்காரர் நாடாவை எடுத்துத் தடத்தின் அகலத்தை அளந்து, சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்துவிட்டு, முந்தைய பக்கங்களை எங்களிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. பிறகு, சரிவின் கீழே ஓடை தெரியும் இடத்துக்கு அழைத்துச் சென்று, பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடிய நீரைக் காட்டினார். இந்த மலையோடைகளில்தான் ஜோகோரா சிங்கப்பூரென்சிஸ் என்னும் நன்னீர் நண்டு முதலில் கண்டறியப்பட்டு 1986இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது என்பதையும், சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது என்பதையும், அது இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். தெளிந்த நீரில் கல்லடியில் வாழும் உயிருக்கு, மேலேயிருந்து இறங்கும் வண்டல் என்ன செய்யும் என்று அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. டீச்சர், அன்றைக்கு நீங்கள் குரலை உயர்த்தியிருந்தால் நாங்களும் உயர்த்தியிருப்போம். உயர்த்தாததற்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து நிலத்தோட்ட வேலை பார்க்கும் அண்ணனுக்கு. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்த அவருக்கு எப்படிக் கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. பள்ளத்தைச் சரளைக்கல் கொட்டி நிரப்பினால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை, தடத்தின் மேற்பகுதிக்கு நடந்துபோய்க் குந்தியமர்ந்து, “வாட்டம் தப்பா இருக்கு தம்பி. தண்ணியோட சண்டை போடாதீங்க, போற வழியக் காட்டி விட்டுருங்க” என்றார். வாட்டம் என்று அவர் சொன்னது நீர் வடிவதற்கான சரிவை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த நீர் தடத்தின் நீளவாக்கில் ஓடினால் வாய்க்காலாக அரித்துவிடும். குறுக்கே கடந்து இலைச்சருகுக்குள் பரவினால் ஊறிப்போகும். வரப்பை வெட்டி மடை திறந்து பழகிய கை அவருடையது. தடத்தின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்குமாறு மண்ணைச் சீவினோம். நீண்ட இறக்கங்களில் இடையிடையே மெல்லிய தாழ்வும் அதையடுத்து ஒரு மேடும் அமைத்து, நீர் அங்கங்கே வெளியேற வழிவிட்டோம். இதற்கென்று வெளிநாட்டுக் கையேடுகள் இருக்கின்றன, நாங்களும் படித்தோம். ஆனால் அவர் மண்வெட்டியைப் பிடித்த பிறகுதான் அவற்றில் எழுதியிருந்தது புரிந்தது.

குறுக்குவழியை மூடியது வேறு வகை வேலை. சக்கரம் இறுக்கிய மண்ணில் நீர் இறங்காது, வேருக்குக் காற்றுப் போகாது, விழும் விதையும் முளைக்காது. ஆகவே இறுகிய மேல்மண்ணைக் கிளறி, சருகைப் பரப்பி, அருகில் விழுந்து கிடந்த கிளைகளைக் குறுக்கே அடுக்கினோம். வெளியிலிருந்து செடி கொண்டுவந்து நடலாமா என்று கேட்ட எங்களை மென்மையாகத் தடுத்து, காடு தன் விதையைத் தானே போட்டுக்கொள்ளும் என்று சொன்ன பூங்கா அதிகாரிக்கு நன்றி. இந்த வனப்பகுதியின் பரப்பளவு வெறும் 163 ஹெக்டேர் என்பதையும், 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது மத்திய நீர்ப்பிடிப்பு வனத்திலிருந்து அது துண்டாகிப் போனதையும் அவர் வழியாகவே அறிந்தோம். இம்மலையில் எஞ்சியிருந்த கடைசி ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கு 1987இல் நாய்களால் கடியுண்டு இறந்தது. 2013இல் விரைவுச்சாலைக்கு மேலே கட்டி முடிக்கப்பட்ட 62 மீட்டர் நீள ஈக்கோ-லிங்க் பாலம், மனிதருக்கு அனுமதியில்லாத, விலங்குகளுக்கு மட்டுமேயான பாலம்; அதை எறும்புண்ணிகள் கடப்பதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. இத்தனை பாடுபட்டுத் தைத்த துணியில்தான் நாங்கள் ஒரு கிழிசல் போட்டிருந்தோம்.

பாலத்துக்கு அப்பால் இருக்கும் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 81 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவில் நடப்பவருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. ஆழ்காட்டின்மீது விழும் கூட்டத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்வதற்காகவே இத்தகைய பூங்காக்கள் வன விளிம்பில் அமைக்கப்பட்டுள்ளன. எங்களுக்கு ஓட இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தோம். காட்டை விட்டுவைப்பதற்குக் கொடுத்த இடம் அது.

இனி எங்கள் குழுவுக்குள்ளேயே ஒரு நன்றி. இத்தடங்கள் மாலை 7 மணிக்கு மூடப்படுகின்றன. வேலை முடிந்து வருபவர்களுக்கு இது பெருங்குறைதான். பிடிபடாமல் இருட்டில் ஓட்டலாம் என்று இளையவர் இருவர் பிடிவாதமாக வாதாடினார்கள், விலையுயர்ந்த விளக்குகளும் வாங்கிவிட்டார்கள். எறும்புண்ணி இரவில் இரை தேடும் விலங்கு; ஆபத்தைக் கண்டால் ஓடாது, நின்ற இடத்திலேயே பந்தாகச் சுருண்டுகொள்ளும். புலிக்கு முன்னால் அந்த உத்தி பலிக்கலாம், வேகமாக இறங்கும் சக்கரத்துக்கு முன்னால் பலிக்காது. குறுக்குவழியில் நாங்கள் அடுக்கிய மரக்கட்டைகளில் கறையான் ஏறத் தொடங்கியதைக் கண்ட அன்று, அதைத் தின்ன யார் வருவார் என்று அவ்விருவருக்கும் புரிந்தது. விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முழுத் தொகையையும் தந்த கடைக்காரருக்கும் நன்றி. காரணத்தைக் கேட்டு அவர் சிரித்தாராம்.

மண்வெட்டிகளை இரவல் தந்த குடியிருப்பாளர் அங்கிளுக்கும், வேலை நாட்களில் எலுமிச்சைச் சாதம் கட்டித் தந்த அம்மாக்களுக்கும், பாதசாரிகளுள் முன்பு எங்களைக் கண்டாலே முகம் சுளித்து, இப்போது காலை வணக்கம் சொல்லும் சிலருக்கும், இன்னும் முகம் சுளிப்பவர்களுக்கும் எங்கள் நன்றி. பிந்தையவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் குறுக்குவழி மண்ணில் மறையத் தொடங்கிவிட்டது. ஆனால் கைப்பேசிச் செயலிகளில் நாங்கள் பதிவேற்றிய பயணக் கோடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்துத் தேடிக்கொண்டு சென்ற மாதமும் ஒருவர் வந்தார். எங்கள் பதிவுகளை நீக்கிவிட்டோம். எங்களோடு எப்போதாவது அவ்வழியே ஓட்டியவர்கள், தயவுசெய்து உங்கள் பதிவையும் நீக்கிவிடுங்கள். அடுத்த பராமரிப்பு நாளுக்கு முந்தைய இரவு மழை பெய்திருந்தால், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுக் கையுறையோடு மட்டும் வாருங்கள்.

நன்றியுடன்,
குழுவினர் அனைவரின் சார்பில்,
ஒரு சைக்கிளோட்டி