அப்பா, இந்த விஜயதசமிக்கு வேண்டாம்

அப்பா,

முடிவு பண்ணிவிட்டோம். இந்த விஜயதசமிக்கு உங்கள் பேரன் தவில் பழகக் கழியும் பலகையுமாக உங்கள் முன்னால் உட்கார மாட்டான். போனில் சொன்னால் வைத்துவிடுவீர்கள், நேரில் என்றால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் இங்கே. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை உங்கள் மேளச் செட்டுக்காரர்கள் எல்லாரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் முன்னால் உங்களுக்குத் தலைக்குனிவாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் மூன்று வயசுப் பிள்ளைக்கு இப்போதே பாடம் வேண்டாம் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லியும் கேட்காமல் பட்டுவேட்டி வரைக்கும் வாங்கி வைத்துவிட்டீர்கள், நான் வேறு எப்படித்தான் சொல்வது?

தாளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. போன ஐப்பசி மழையில் கரண்ட் போன அன்றைக்குத் திண்ணையில் நடந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே தட்டினீர்கள். நிறுத்தினீர்கள். தனி ஆவர்த்தனத்தில் எதிர்த் தவில்காரருக்கு விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பீர்களே, அப்படி அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். ரொம்ப நேரம். கடைசியில் அவன் மூன்று தட்டு தட்டினான், தாளமும் இல்லை ஒன்றும் இல்லை, நடுத்தட்டு மரக்காலை விட்டுத் தரையில் விழுந்தது. திருத்தப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் அதையே, தரையில் விழுந்த அந்தத் தட்டோடு, அப்படியே திருப்பி வாசித்தீர்கள். தான் சொன்னது தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்து அவன் சிரித்தானே! அப்புறம் அவன் கொடுக்க நீங்கள் வாங்க, நீங்கள் கொடுக்க அவன் வாங்க, தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்பு மாதிரியே சுருங்கிக்கொண்டு வந்து ஒற்றைத் தட்டில் நின்றது. அதுவரை உங்கள் குரலைக் கேட்டாலே அழுத பிள்ளை, அன்று ராத்திரி என்னிடம் வராமல் உங்கள் பக்கத்திலேயே தூங்கினான்.

கனடாவில் 2014இல் வந்த ஆய்வைச் சொல்ல வந்தபோது "இதுக்கு ஆராய்ச்சி வேறயா" என்று பாதியில் எழுந்து போனீர்கள். மீதியைக் கேளுங்கள். 14 மாதக் குழந்தைகளைப் பாட்டுக்குத் தூக்கி ஆட்டியிருக்கிறார்கள். எதிரே நின்றவரும் அதே தாளத்தில் ஆடியிருந்தால், பிறகு அவர் கைதவறிப் போட்டதைக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக் கொடுத்திருக்கின்றன. ஆராய்ச்சி வேண்டாம் என்றால் நம் பிள்ளைத்தமிழைப் பாருங்கள். சப்பாணி கொட்டுவதற்கென்றே ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். அங்கே குழந்தையைக் கைதட்டச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், தப்பாகத் தட்டினான் என்று யாரும் கழியை ஓங்குவதில்லை.

அதே திண்ணைக்கு உள்பக்கம்தான் அப்பா நான் வளர்ந்தேன். சிஷ்யப் பிள்ளைகள் பலகையில் தட்டத் தட்ட, சுவருக்கு இந்தப் பக்கம் அத்தனை சொற்கட்டும் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் வந்து சொல்லிக் காட்டினேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இது" என்றீர்கள். முகூர்த்த மாதம் முழுக்க வெளியூர், வந்தால் தூக்கம், எழுந்தால் சிஷ்யர்கள். ஒரு குழந்தைக்காகக் காத்திருக்க உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியும் என்று அந்த மழையில்தான் பார்த்தேன், அப்பா. எனக்கு ஏன் இல்லை?

அந்தச் சிஷ்யர்கள் வாங்கியதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், உங்களைத் தெய்வமாக வைத்திருப்பவர்கள் படிப்பார்கள். அம்மா விஷயமும் வேண்டாம்.

தவில் வாசிக்கக் கூடு மாட்டி மாட்டிக் காய்த்துப்போன உங்கள் விரல்களை அவன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பான், நீங்களும் கையை எடுக்காமல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கையைக் கண்டு அவன் பயப்படக் கூடாது, அவ்வளவுதான்.

விஜயதசமிக்கு அவசியம் வாருங்கள், நெல்லில் எழுத வைப்போம், உங்கள் மடியில்தான். அவனாக ஒரு நாள் தவில் கேட்டால் உங்களிடம்தான் விடுவேன், வேறு வாத்தியார் கிடையாது. தையில் பிறக்கப்போவது பெண்ணாக இருந்தால் அவளோடும் இதே மாதிரி விளையாட வேண்டும், அவள் கேட்டால் அவள் கையிலும் கழியைக் கொடுக்க வேண்டும். இதற்குச் சரி என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன், எடுங்கள்.