பெண்கள் கழகங்களுக்கும் ஒரு பருவம் வேண்டும்: ஃபீபா ஆப்பிரிக்க அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

அபிஜானில் உள்ள, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் ஆப்பிரிக்க அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும், கழகப் போட்டிகளின் நாட்காட்டியை வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவின் ஃபெரோவியாரியோ பெண்கள் கூடைப்பந்து அணியை உங்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2018இல் அவர்களுடைய சொந்த ஊரிலும் 2019இல் கெய்ரோவிலும் ஆப்பிரிக்கச் சாம்பியன் கழகக் கோப்பையை அவர்கள் கையில் கொடுத்தவர்களே நீங்கள்தான். அதன் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். 2020இல் போட்டி இல்லை, 2021இலும் இல்லை. பெருந்தொற்று என்றீர்கள், ஏற்றுக்கொண்டோம். ஆனால் அதே 2021ஆம் ஆண்டு மே மாதம் கிகாலியில் அமெரிக்காவின் என்பிஏவும் நீங்களும் சேர்ந்து ஆண்களுக்கான பிஏஎல் என்ற ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக்கைத் தொடங்கினீர்கள். வெளியார் நுழையாத வளையத்துக்குள் 12 அணிகளை வைத்துப் போட்டியை முடித்தும் காட்டினீர்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று ஃபெரோவியாரியோ டி மபூட்டோவின் ஆண்கள் அணி. அவர்கள் காலிறுதி வரை போனார்கள், அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். அதே கழகத்தின் பெண்கள், நடப்புச் சாம்பியன்கள், அந்த ஆண்டு ஆப்பிரிக்க அளவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டு அணியும் ஒரே பெயரில், ஒரே சின்னத்தோடு இறங்குகிறவை. தொற்றும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெண்கள் கழகங்களுக்குப் பத்து நாள் போட்டி போதாது. ஆண்களுக்குக் கொடுத்ததைப் போல, ஆட்டங்கள் மாதங்களில் பரவிய ஒரு பருவம் வேண்டும்.

2022இல் போட்டி திரும்ப வந்தது. பிறகு அதன் பெயரிலேயே "லீக்" என்ற சொல்லையும் சேர்த்தீர்கள். ஆனால் நடக்கும் முறை மாறவில்லை. மண்டலத் தகுதிச்சுற்று ஓர் ஊரில் ஒரு வாரம். இறுதிச்சுற்று இன்னோர் ஊரில் பத்து நாளுக்குள். அத்துடன் ஆண்டு முடிந்தது. லீக் என்றால் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் நாட்கள் இருக்க வேண்டும். தோற்ற அணி ஊருக்குத் திரும்பி, தவறைத் திருத்திக்கொண்டு, அதே எதிரியை மறுபடி சந்திக்க வேண்டும். அது இல்லாத ஒன்றை லீக் என்று அழைப்பது வீராங்கனைகளுக்கு நியாயம் இல்லை.

அந்தப் பத்து நாள் ஒரு வீராங்கனையின் உடம்பை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேசையில் அட்டவணையாகப் பார்க்கும்போது அது தெரியாது.

குழுவுக்கு ஐந்து அணி என்று வையுங்கள். குழுவில் நான்கு ஆட்டம், அதன்பின் காலிறுதி, அரையிறுதி, இறுதி. ஆக ஏழு ஆட்டம், 280 நிமிடம். ஓர் ஆட்டத்தில் ஐந்து பேருக்கு நாற்பது நிமிடம் வீதம் பகிர வேண்டியது 200 நிமிடம். ஏழு ஆட்டத்துக்கு 1,400. பட்டியலில் உள்ள 12 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. நடைமுறையில் எந்தக் கோச்சும் அப்படிப் பிரிக்க முடியாது. நெருக்கமான ஆட்டங்களில் எட்டுப் பேர்தான் சுழல்வார்கள். பந்தைக் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு 34, 35 நிமிடம் களத்தில் நிற்பாள். ஏழு ஆட்டத்தில் அவளுக்கு மட்டும் ஏறக்குறைய 240 நிமிடம், அதுவும் நடுவில் இரண்டோ மூன்றோ ஓய்வு நாளோடு.

குதித்து இறங்குவதும் ஓட்டத்தைச் சடாரென நிறுத்துவதும் தொடைத் தசையில் நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அந்த வலி ஆட்டம் முடிந்த இரவில் உச்சத்துக்கு வராது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வரும். ஆக, முதல் ஆட்டத்தின் வலி இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில்தான் முழுமையாகத் தெரியும். தசையில் செலவான மாவுச்சத்து நிரம்பவே நல்ல சாப்பாட்டோடு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரவு ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்து, குளித்து, பேருந்து பிடித்து, விடுதிக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். மறுநாள் ஆட்டம் மாலை ஐந்தரைக்கு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆறாவது, ஏழாவது ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் ஒருத்தி, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவைப் போடும்போது பந்து எங்கே படுகிறது என்று பாருங்கள். வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழும். கை சரியாகத்தான் போயிருக்கும், கால் தள்ளவில்லை. 3.05 மீட்டர் உயர வளையத்துக்குப் பந்தைத் தள்ளுவது முழங்காலும் கணுக்காலும். அடுத்து தற்காப்பைப் பாருங்கள். பக்கவாட்டில் நகர வேண்டிய கால் அரை அடி பின்தங்கும், அந்த அரை அடியை ஈடுகட்டக் கை நீளும், நடுவர் விசில் ஊதுவார். ஒரு கால்பகுதியில் அணிக்கு ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரிக்கு ஃப்ரீ த்ரோ. இறுதி ஆட்டங்கள் இப்படித்தான் ஃப்ரீ த்ரோ கோட்டில் முடிகின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஆட்டத்தில் வேகம் இல்லை, துல்லியம் இல்லை என்று எழுதுகிறார்கள். அந்த வேகத்தைத் தின்றது அட்டவணை.

இதைவிடக் கொடியது முழங்கால். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். இடுப்புத் தசை களைத்துப் போனால் அது உள்பக்கம் சாயும். யாரும் இடிக்காமலே, முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநார் அறுந்துபோவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். கூடைப்பந்தில் இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பல காலமாகத் தெரிந்த செய்தி. அறுவைச் சிகிச்சை செய்து திரும்பக் களமிறங்க ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். மூச்சு வாங்க இடைவெளி கொடுத்து ஆண்களுக்கு அட்டவணை போடும் நீங்கள், காயத்துக்கு அதிகம் ஆளாகும் பெண்களுக்கு ஆட்டங்களை அடுக்கி வைக்கிறீர்கள். இதை எழுதும்போது கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

மபூட்டோ பக்கத்தில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வெக்கையும் மழையும். இந்தியப் பெருங்கடல் காற்று அரங்கத்துக்குள் புகுந்தால் மரத்தளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். அதோடு வியர்வையும் சேரும். யாராவது விழுந்தால் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே ஆட்டம் தொடர வேண்டும். ஈர மாப்பால் இழுத்தால் படலம் பரவுமே தவிரப் போகாது. களைத்த காலும் ஈரத் தளமும் ஒன்றுசேர்வது நல்லதில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களையே இறுதிச்சுற்றுக்கு விடாமல் தேர்ந்தெடுக்கிறீர்களே, ஏன் என்று கேட்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், அந்த மாதங்களில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் லீக் நடுவில் இருக்கும். மொசாம்பிக்கின் நல்ல வீராங்கனைகள் பிழைப்புக்குப் போவது அங்கேதான். அங்கே ஆடும் ஒருத்தியைத் தன் பழைய கழகத்துக்காக இறக்க வேண்டுமென்றால் இப்போதைய கழகம் சம்மதிக்க வேண்டும், வேறு கழகத்துக்கு ஆட அனுமதிக்கும் கிளியரன்ஸ் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் வேறொருத்தியைத் தேட வேண்டும். கடைசி வாரத்தில் ஒருத்திக்கு முழங்கால் போய், அவளுக்குப் பதிலாக உள்ளூரில் பதினெட்டு வயதுப் பெண்ணைச் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். அவள் இதுவரை நாட்டை விட்டு வெளியே போகாதவள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்த அட்டை செல்லும். அங்கோலா போன்ற நாடுகள் அட்டை இல்லாமல் உள்ளே விடுவதில்லை. எட்டு நாள் இருக்கும்போது சேர்த்தால் அவள் விமான நிலையத்தில் நிற்பாள், அணி பதினொரு பேரோடு ஆடும். ஓராண்டு முன்பே தேதி தெரிந்தால் பதிலிகளையும் சேர்த்து இருபது பேருக்கும் ஊசி போட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

சொந்த ஊர் ஆட்டம் இல்லாதது வேறொரு துயரம். ஃபெரோவியாரியோ என்றாலே ரயில்வேக்காரர் என்று பொருள். ஊர் லோரன்சோ மார்க்கஸ் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1924இல், துறைமுகத்தையும் ரயிலையும் நம்பி வாழ்ந்தவர்களின் கழகமாக உருவானது. லோகோமோட்டிவாஸ் என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார்கள். அந்த நகரத்துக்குக் கூடைப்பந்து புதிதில்லை. 2007, 2008இல் டெஸ்போர்ட்டிவோ, 2012இல் லிகா முசுல்மானா, பிறகு ஃபெரோவியாரியோ என்று ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற இவை எல்லாம் மபூட்டோ அணிகள். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ வரை போன கிளாரிஸ் மசங்குவானா ஆட்டம் பழகியதும் அந்த ஊரில்தான். 2010 முதல் 2019 வரை அந்தக் கோப்பை அங்கோலாவின் லுவாண்டா, மபூட்டோ என்ற இரண்டு துறைமுக நகரங்களை விட்டு வெளியே போகவே இல்லை. இத்தனைக்கும் பிறகு, போட்டி வேறு நாட்டில் நடக்கும் ஆண்டுகளில் மபூட்டோச் சிறுமி ஒருத்தி தன் ஊர் அணி ஆப்பிரிக்கப் போட்டியில் ஆடுவதை ஓர் ஆட்டம்கூட நேரில் பார்க்க முடியாது. 2013இல் நாட்டு அணிகளுக்கான பெண்கள் ஆப்பிரிக்கப் போட்டி, ஆஃப்ரோபாஸ்கெட், மபூட்டோவில் நடந்தபோது மாஷகென் அரங்கம் எப்படி இருந்தது என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது நினைவிருக்கும். மொசாம்பிக் இறுதிப் போட்டி வரை போய், அடுத்த ஆண்டு துருக்கியில் உலகப் போட்டியிலும் ஆடியது. அந்தக் கூட்டம் எங்கும் போய்விடவில்லை. அவர்களுக்கு டிக்கெட் விற்க ஆட்டம்தான் இல்லை. விளம்பரதாரரும் அப்படித்தான். பத்து நாள் வெளிநாட்டில் தொங்கும் பதாகைக்கு எந்த உள்ளூர் நிறுவனம் ஓராண்டுப் பணம் தரும்?

செலவு என்று சொல்வீர்கள். நியாயமான பதில்தான், ஆகவே கணக்கோடு வருகிறோம். 12 வீராங்கனைகள், கோச், உதவிக் கோச், பிசியோ, மேலாளர் என்று 16 பேர். இப்போதைய முறையில் இறுதிச்சுற்றுக்கு 16 விமானச் சீட்டு. நான்கு அணிக் குழுவில் சொந்த ஊர், வெளியூர் என்று முழுமையாக நடத்தினால் மூன்று பயணம், 48 சீட்டு. மபூட்டோவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஜோகன்னஸ்பர்க் வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும் என்பதால் அது கழகங்களால் தாங்க முடியாத தொகை. அதை நாங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது நடுவழி. நான்கு அணிக் குழு இரண்டு முறை கூடட்டும், ஒவ்வொரு முறையும் குழுவில் உள்ள ஓர் அணியின் ஊரில். ஒரு கூடலில் ஐந்து நாளில் மூன்று ஆட்டம்: ஆட்டம், ஓய்வு, ஆட்டம், ஓய்வு, ஆட்டம். இரண்டு கூடலில் ஆறு ஆட்டம். 2024இல் பிஏஎல் லீக்கை நான்கு அணிகள் கொண்ட மூன்று பிரிவாக்கி, அணிக்கு ஆறு ஆட்டம் கொடுத்தீர்களே, அதே எண்ணிக்கை. விருந்தளிக்கும் அணிக்கு 16 சீட்டு மிச்சம், வாசல் வசூலும் அதற்கே. முதல் கூடல் மே மாதம், ஐரோப்பிய லீக்குகள் முடிந்த கையோடு. இரண்டாவது ஜூன் மாதம். முதல் நான்கு அணிகளின் இறுதிச்சுற்று செப்டம்பரில், ஐரோப்பியப் பருவம் தொடங்கும் முன்பு, அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடையில் ஒரு நாள் விட்டு. விடுதிச் செலவு இப்போதைவிடக் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கும் செலவு உண்டு, அதை இப்போது கழகமும் வீராங்கனையின் வீடும் சுமக்கின்றன.

இதை எல்லாம் சொல்லும்போது ஆண்கள் லீக்கைக் குறைக்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அது வளரட்டும். பெண்கள் கழகங்களுக்கும் ஒரு பருவம் வேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பணிவாகக் கேட்பது மூன்று. அடுத்த நாட்காட்டியைக் கூடி முடிவு செய்யும்போது இந்த இரண்டு கூடல் முறையை ஒரு தீர்மானமாக மேசையில் வையுங்கள். ஃபெரோவியாரியோ, லுவாண்டாவின் இன்டர்கிளூப், ப்ரிமெய்ரோ டி அகோஸ்டோ போன்ற கழகங்களின் பெண்கள் அணிக் கோச்சுகளையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முடிவு எதுவானாலும், தேதிகளைப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுத்தில் வெளியிடுங்கள். தடுப்பூசியும் கிளியரன்ஸ் கடிதமும் அதற்குள் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
ஆப்பிரிக்கப் பெண்கள் கூடைப்பந்தைத் தொடர்ந்து கவனித்துவரும் ரசிகர்கள்