மூலை வெட்டிய நகரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு லிண்டல் மட்டம் வந்துவிட்டதில் சந்தோஷம். ஆசைப்பட்டு கார்னர் மனை வாங்கினால், தெரு திரும்பும் முனையைச் சாய்வாக வெட்டி விடச் சொல்கிறார்கள் என்று புலம்பியிருந்தாய். அதை நான் பார்சிலோனாவில் வைத்துத்தான் படித்தேன். பொருத்தமான இடம்!

நம் கல்லூரிக் கூட்டத்தோடு போயிருந்தேன். எல்லோருக்கும் கட்டடக் கலைஞர் கௌடிதான் குறி. சக்ராதா ஃபமீலியா தேவாலய வேலை 1882இல் தொடங்கியது. அடுத்த வருடமே பொறுப்பு கௌடியின் கைக்கு வந்தது. 1926இல் டிராம் மோதி இறந்தவரை அந்தத் தேவாலயத்தின் நிலவறையிலேயே அடக்கம் செய்தார்கள். உள்ளே தூண்கள் மரம் போலக் கிளை விட்டுக் கூரையைத் தாங்குகின்றன. நாங்கள் போனது பிற்பகல். ஒரு பக்கத்துக் கண்ணாடிகள் வழியாக ஆரஞ்சும் சிவப்புமாக வெயில் உள்ளே இறங்கியது. காலையில் எதிர்ப்பக்கம் நீலமும் பச்சையுமாக இருக்குமாம். எந்நேரமும் லொடலொடக்கும் நம் ஆள்கூட அங்கே கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. போவதானால் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடு.

ஆனால் என் மனதில் நின்றது தெரு மூலைகள்தான். இல்டெஃபோன்ஸ் செர்டா என்ற சாலைப் பொறியாளர், மதில் இடிபட்ட பழைய நகரத்துக்கு வெளியே ஒரு புது நகரத்தை வரைந்தார். 1859இல் ஒப்புதல் கிடைத்தது. தெருக்கள் பெரும்பாலும் 20 மீட்டர் அகலம், சதுரமான பிளாக்குகள் பக்கத்துக்கு ஏறத்தாழ 113 மீட்டர். ஒவ்வொரு பிளாக்குக்கும் நான்கு முனையும் வெட்டு! நீராவி வண்டிகள் தெருவுக்கு வரும், அவை திரும்ப இடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு சந்திப்பும் எண்கோணமாக விரிந்து, வெளிச்சமும் காற்றும் தாராளமாக வருகிறது. இப்போது அங்கே சரக்கு வண்டிகள் நிற்கின்றன, காபிக் கடை மேஜைகள் கிடக்கின்றன. நடப்பவனுக்குத்தான் கஷ்டம்: நேரே கடக்க முடியாது, சந்திப்புக்குச் சந்திப்பு உள்ளே ஒதுங்கிப் போய்த்தான் கடக்க வேண்டும். கால் விட்டுப்போயிற்று.

பிளாக்கின் இரண்டு பக்கம் மட்டும் கட்டடம், நடுவில் தோட்டம் என்பதுதான் செர்டாவின் எண்ணம். மனைக்காரர்கள் விடுவார்களா? நான்கு பக்கமும் கட்டி, நடுவையும் அடைத்துவிட்டார்கள். அதில் நம் ஊர், அந்த ஊர் என்ற பேதமே கிடையாது.

கௌடி கட்டிய காசா மிலா என்ற அடுக்குமாடி வீடு நிற்பதும் அப்படி வெட்டிய ஒரு மூலையில்தான். அலை மாதிரி நெளியும் அந்தக் கல் முகப்பு ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு முறியாமல் திரும்புகிறதே, நேர்மூலையில் அது இவ்வளவு லாகவமாக வந்திருக்குமா, சந்தேகம்தான். உள்ளே பாரத்தைத் தூண்களும் இரும்பு உத்தரங்களும் தாங்குகின்றன. அறைச் சுவர்களை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டிய காலத்தில் ஊர் அதைக் ‘கல் குவாரி’ என்று கிண்டலடித்தது, அந்தப் பெயரே நிலைத்தும்விட்டது. மொட்டை மாடிப் புகைபோக்கிகளையே நம் புகைப்படக்காரன் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான். கீழே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, உன் முனையைப் பற்றி என் யோசனை: அந்தச் சாய்வில் வெறும் சுவர் எழுப்பாதே, அங்கேயே ஒரு பெரிய ஜன்னல் வை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ரூஃப் கான்கிரீட் தேதியைச் சொல், அதை ஒட்டியே ஊருக்கு வரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்