மருந்துக்கு மசியாத சிற்றுண்ணி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் காணியில் 40 தேசி மரங்கள் நிற்கின்றன. கச்சான் காற்றுத் தொடங்கியதும் இலைகள் ஊசியால் குத்தியதுபோல வெளிறிப் போயின. ஒரு கொப்பை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்த்தேன். மிளகாய்த்தூள் மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அவை நடக்கத் தொடங்கின.

சிற்றுண்ணியைக் கொல்லும் அபமெக்டின் என்ற மருந்தை அடித்தோம். இரண்டு கிழமையில் திரும்பவும் அதே நிலை. கடையில் வேறு பெயரில் ஒரு போத்தல் தந்தார்கள். வீட்டுக்கு வந்து லேபிளைப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே அபமெக்டின்தான்!

சிற்றுண்ணி பூச்சியல்ல, எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கு உறவான இனம். வெயில் காலத்தில் இரண்டு மூன்று கிழமைக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரே மருந்தை அடிக்க அடிக்க, அதற்குச் சாகாமல் தப்பியவைதான் குட்டி போட்டது போலப் பெருகுகின்றன. சரி, அளவைக் கூட்டுவோம் என்று நினைப்பது பெரிய பிழை. சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல உண்ணிகளும் சேர்ந்து அழிந்துவிடும். பைரித்ரோயிட் வகைப் பூச்சிமருந்துகளை அடித்த பிறகு சிற்றுண்ணி கூடுவதற்கும் இதுவே முக்கிய காரணம்.

மருந்தை மாற்றுவதென்றால் பெயரை அல்ல, அது வேலை செய்யும் விதத்தை மாற்ற வேண்டும். ஒரே விதத்தில் வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே குழு எண் இருக்கிறது. அபமெக்டின் 6ஆம் குழு. அந்த எண்ணைப் போத்தலில் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடச் செய்யும்படி உரிய அதிகாரிகளை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேசிச் செய்கையாளர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.