கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் எந்த செமஸ்டரில் எந்தப் பாடத்தை எடுப்பது என்று வழிகாட்ட ஓர் ஆசிரியரை நியமிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதிவுக்குக் கடைசி நாளன்று அறைக்கு வெளியே வரிசை நிற்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம், படிவத்தை வாங்கி, கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் மதிப்பளவு) கூட்டல் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம்.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் இன்னும் மனதை அறுக்கிறது. மூன்றாம் செமஸ்டர் மாணவி, பென்சிலில் புள்ளியியல் என்று எழுதி, அதை அழித்துவிட்டு மேலே வேறொரு விருப்பப் பாடத்தைப் பேனாவில் எழுதியிருந்தாள். அழித்த தடம் தெரிந்தது, நானும் பார்த்தேன், கிரெடிட் சரியாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் புள்ளியியலை முடித்தால்தான் ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு முக்கியப் பாடங்களை எடுக்க முடியும், அந்தப் புள்ளியியல் வகுப்பும் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஐந்தாம் செமஸ்டர் பதிவில் கணினி அவளை ஏற்கவில்லை. ஒரு வருடம் போயிற்று. அப்புறம்தான் சொன்னாள், முதல் செமஸ்டர் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பயத்தில் விட்டுவிட்டாளாம். "ஏம்மா அழிச்சே?" என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நேரம் ஒதுக்கிப் பேசினால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுப் பட்டப் படிப்புக் கல்லூரிகள்) 2007இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஓர் ஆலோசகரிடம் குறைவான மாணவர்களே இருப்பார்கள், அடிக்கடி சந்தித்தே ஆக வேண்டும். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதில், மூன்று வருடத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். கட்டண உதவி, பயணச் செலவு, புத்தகம் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், ஆகவே முழுப் பெருமையும் ஆலோசனைக்கு மட்டும் போகாது. இருந்தாலும் சந்திப்பு அதன் நடுநாயகமாக இருந்தது.

நன்றாகப் படிக்கிறவர்கள் தாமாகவே வந்து சந்தேகம் கேட்பார்கள். தடுமாறுகிற பிள்ளைதான் வராது, அரியர் வைத்திருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நண்பர்கள் எடுத்ததையே தானும் எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அழைப்பு நம்மிடமிருந்துதான் போக வேண்டும். அதுவும் பதிவு நாளில் இல்லை, செமஸ்டர் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில், முதல் தேர்வுக்கு முன்னால். பேசியதை நாலு வரி எழுதி வைத்தால், அடுத்த வருடம் ஆலோசகர் மாறினாலும் அந்தப் பிள்ளை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

என் பொறுப்பில் இப்போது 54 பேர். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம். இந்த செமஸ்டர் மாலையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிவருகிறேன். அந்தப் பதின்மூன்றரை மணி நேரத்தைக் கல்லூரிகள் வகுப்பு நேரம் போலவே கால அட்டவணையில் சேர்த்து, ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்